கூட வந்தவர்

டாக்டர் தமயந்தியின் கிளினிக்கில் நோயாளி பேசுகிற வழக்கம் இல்லை. நோயாளி ஸ்டூலில் உட்காருவார். கூட வந்தவர் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். டாக்டர் நோயாளியைப் பார்த்து, "என்ன பண்ணுது?" என்று கேட்பார். நோயாளி கூட வந்தவரைப் பார்ப்பார். கூட வந்தவர் சொல்லத் தொடங்குவார். தாராபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு பேக்கரிக்கும் உரக்கடைக்கும் நடுவில் இருந்த அந்தக் கிளினிக்கில் அவர் வைத்தியம் பார்க்க வந்த நாளிலிருந்து இப்படித்தான். மனைவிக்குத் தலைவலி என்றால் கணவர் சொல்வார். கணவருக்கு மூட்டுவலி என்றால் மனைவி சொல்வார். கல்யாணமாகாதவருக்கு அக்கா சொல்வார். வலி ஒருவருக்கு, வாய் இன்னொருவருக்கு. தமயந்திக்கு இது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தால் யாருக்கு வலிக்கிறது என்று தெரிந்துவிடப் போகிறது.

அரசாங்கம் மனதையும் குடும்ப டாக்டர்களிடம் ஒப்படைத்தபோதுதான் சிக்கல் வந்தது.

'மனத்துணை' என்பது திட்டத்தின் பெயர். மனம் சரியில்லாதவர் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி அலைய வேண்டாம். தன் குடும்ப டாக்டரிடம் போனால் போதும். அவர் எழுதிக் கொடுத்தால் மனநல ஆலோசகரிடம் எட்டு அமர்வுகள் இலவசம். முதல் இரண்டு வருடம் டாக்டர்கள் தங்கள் இஷ்டப்படி எழுதினார்கள். ஒரு மாவட்டத்தில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. ஆற்றைத் தாண்டினால் அடுத்த மாவட்டத்தில் ஒருவருக்கும் இல்லை. தணிக்கைக்காரர்கள் இதை ரசிக்கவில்லை. டாக்டரின் இரக்கத்தையும் சோம்பலையும் நம்பி மானியம் கொடுக்க முடியாது என்று முடிவானது. அதற்குப் பிறகு வந்ததுதான் 'செவி'.

செவி ஒரு சோப்பு டப்பா அளவு இருந்தது. வெள்ளை நிறம். மேஜைமேல் வைத்தால் அறையில் நடக்கும் பேச்சைக் கேட்கும். பேசுகிற சொற்கள் அதற்கு வேண்டாம். மூச்சு எங்கே அறுபடுகிறது, குரல் எங்கே தேய்கிறது, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே எவ்வளவு நேரம் தடுமாறுகிறது என்பதையெல்லாம் கணக்குப் போட்டு, நூற்றுக்கு இவ்வளவு மனப்பாரம் என்று ஓர் எண்ணைக் காட்டும். அறுபதைத் தாண்டினால் எட்டு அமர்வுகள். ஐம்பத்தொன்பது என்றால் தைரியமாக இருக்கச் சொல்லி அனுப்பிவிட வேண்டியதுதான். டாக்டரின் குரலை அதற்கு முன்கூட்டியே பழக்கிவிடுவார்கள். அறையில் கேட்கும் மற்றொரு குரல் நோயாளியுடையது என்று அது எடுத்துக்கொள்ளும். அதை வடிவமைத்தவர்கள் நன்றாகப் படித்தவர்கள். மனது சரியில்லை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக டாக்டரிடம் பேசுகிற ஊர்களில் வாழ்ந்தவர்கள்.

கலாமணி தன் கணவர் நல்லசிவத்தை அழைத்துக்கொண்டு வந்தது செவி வந்த புதிதில். கலாமணி பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைப்பவர். நல்லசிவம் அரிசி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஆலை முழுவதும் இயந்திரமாகி, நெல்லின் ஈரத்தைக்கூடக் கண்ணாடிக் கண் ஒன்று பார்த்துச் சொல்லத் தொடங்கியபின் வீட்டுக்கு வந்தவர், வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

"என்ன பண்ணுதுங்க?" என்று தமயந்தி கேட்டார்.

நல்லசிவம் மனைவியைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய நகைக்கடைக் காலண்டரைப் பார்த்தார்.

"பேசறதே இல்லீங்க டாக்டரம்மா" என்று கலாமணி தொடங்கினார். "சோறு வெச்சாத் திங்கறாரு. வெக்காட்டி வேணும்னு கேக்கறதில்லீங்க. எங்க மாமனாரு படுத்த படுக்கையா இருக்கறாரு. அவரையத் திருப்பிப் போடறதுக்குக்கூட ஒரு கை குடுக்கறதில்லீங்க. நான் வெடியால எந்திரிச்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போயி எல்லாத்துக்கும் பொங்கி வெச்சுப்போட்டு வந்து, மறுக்காவும் ஊட்டுல பொங்கோணுமுங்க. புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கிட்டு இருக்கறோம். ஒறம்பரை வந்தா வாங்கன்னுகூடச் சொல்லாம இப்புடிக் குத்துக்கல்லாட்ட உக்காந்திருந்தா, நானு ஆருக்குன்னுங்க பதில் சொல்றது?"

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் ஒரு நூல் இழுபடுவதுபோல இழுபட்டு அறுந்தது. செவியின் விளக்கு பச்சையானது. எண்பத்தொன்று.

தமயந்தி எண்ணைப் பார்த்தார். ஸ்டூலில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். சந்தேகம் வந்தது. செவியை மறுபடி முதலிலிருந்து கேட்க வைத்து, "நீங்க ஏதாச்சும் சொல்லுங்க, நல்லசிவம்" என்றார்.

"என்னத்தச் சொல்றதுங்க?"

"எதையாச்சும். ஆலையில நெல்லு எப்படிப் பாப்பீங்கன்னு சொல்லுங்க."

நெல்லைப் பற்றி நல்லசிவம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். செவி இருபத்திரண்டு என்றது. கவலைப்படுகிற வேலை முழுவதையும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டவரின் குரல் அப்படித்தான் இருக்கும்.

தமயந்தி கலாமணியின் பக்கம் திரும்பினார். "அம்மிணி, இது உங்க பேருல எழுதட்டுங்களா? இந்த எண்பத்தொண்ணு உங்களோடது."

கலாமணி பதறிப்போனார். "எனக்கு என்னுங்க? எனக்கு ஒண்ணுமில்லீங்க. நானும் மனசு சரியில்லைன்னு போயி உக்காந்துட்டா ஊட்டுல சோறு ஆரு பொங்கறது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாப்ள ஊட்டுக்காரங்க இப்பெல்லாம் பொண்ணோட அம்மா வைத்திய அட்டையவும் வாங்கிப் பாக்கறாங்களாமுங்க. ஆம்பளைக்குன்னா வேலை போன வெசனம்னு உட்டுருவாங்க. பொம்பளைக்குன்னா வேற பேரு வெப்பாங்க. வேண்டாமுங்க டாக்டரம்மா."

வெளியே வராண்டாவில் கூட்டம் இருமிக்கொண்டிருந்தது. தமயந்தி சிறிது நேரம் பேனாவை உருட்டினார். பிறகு எண்பத்தொன்றை நல்லசிவத்தின் பெயரிலேயே அனுப்பிவிட்டார். எட்டு வியாழக்கிழமைகளுக்கு அனுமதி வந்தது. நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பஸ் சார்ஜ் உண்டு.

நான்காவது வியாழனுக்குப் பிறகு மறுபரிசோதனைக்கு இருவரும் வந்தார்கள். நல்லசிவம் ஸ்டூலில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்தார்.

"எப்படி இருக்கறாரு?" என்றார் தமயந்தி.

"அவரு உள்ளார போயிருவாருங்க. கூட வந்தவங்க உள்ளார வரப்படாதுங்கறாங்க. போனையும் வாங்கிப் பொட்டியில வெச்சுக்கறாங்க, உள்ளார பேசறதை ஆரும் புடிச்சிரக் கூடாதாமா" என்றார் கலாமணி. "நான் வெளியில ஃபேனுக்குக் கீழ உக்காந்திருப்பனுங்க. ஒரு மணி நேரம் ஆரும் என்னையக் கூப்புட முடியாதுங்க. மொத வாரம் உக்காந்த வாக்குலயே தூங்கிப் போட்டனுங்க. அந்த ஆலோசகர் புள்ள வந்து எழுப்பி, 'முடிஞ்சுதுங்கம்மா'ன்னா பாருங்க, எதுக்குடா எழுப்புனான்னு அழுவாச்சி வந்துருச்சு. இப்பத் தூங்கறதில்லீங்க. என்னையாட்டவே நாலு பேரு வர்றாங்க. ஒருத்தி கடலை கொண்டாருவா. ஒருத்தி அவ ஊட்டுக்காரராட்டவே நடிச்சுக் காட்டுவா. சிரிச்சுச் சிரிச்சு வவுறு வலிச்சுப் போகுதுங்க. உள்ளார இருந்து சத்தம் போடாதீங்கன்னு ஆளனுப்பறாங்க."

செவி ஐம்பத்திரண்டு என்றது. எட்டாவது வாரத்துக்குப் பின் முப்பத்தாறு. முப்பத்தாறு என்றால் குணம். நல்லசிவம் குணமடைந்தவர் பட்டியலில் சேர்ந்தார்.

அவர் மட்டுமல்ல. தமயந்தியிடம் வந்தவர்கள் வரிசையாகக் குணமானார்கள். பேச மறுக்கும் மகனுக்காகப் பேசிய அம்மாக்கள், குடியை விட்டும் விடாத கணவருக்காகப் பேசிய மனைவிகள், எல்லோருடைய எண்ணும் இறங்கியது. மாவட்டத்திலேயே தாராபுரம் கிளினிக்தான் முதலிடம் என்று அறிவித்து ஒரு விழாவில் கேடயம் கொடுத்தார்கள். தமயந்தி அதை மாட்டச் சுவரில் ஆணி அடித்தபோது பூச்சு ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. கேடயத்தைக் கொஞ்சம் இறக்கி மாட்டி அதை மறைத்தார்.

குணமான பிறகுதான் நல்லசிவம் வீட்டில் பேசத் தொடங்கினார். ஒருநாள் கலாமணி மாமனாருக்கு மருந்து வாங்கத் தனியாக வந்தபோது இதைச் சொன்னார்.

"இப்ப வாயே மூடறதில்லீங்க டாக்டரம்மா. மனசுல இருக்கறதை உள்ளாரயே வெச்சுக்கப்படாது, பேசிரோணும்னு அங்க சொல்லிக் குடுத்துட்டாங்களாட்ட இருக்குது. வெடியால நான் அடுப்பப் பத்த வெக்கையிலயே வந்து, 'அம்மிணி, இன்னைக்கு என்ற மனசு எப்படி இருக்குதுன்னா'ன்னு ஆரம்பிக்கறாரு. நான் தோசை ஊத்தறதா, அவரு மனசைக் கேக்கறதா?"

சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் அவர் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் மறுபடி வந்திருந்தது. போகும்போது, "வியாழக்கெழமை வந்தா அந்த பஸ்ஸு எங்க ஊட்டத் தாண்டித்தான் போகுதுங்க" என்றார்.

குணமானவருக்கு மறுபடி அமர்வு கிடையாது. மறுநோய் என்று பதிவு செய்தால் கிடைக்கும். அப்படிப் பதிவு செய்வது டாக்டரின் மதிப்பெண்ணைக் குறைக்கும். தமயந்தி மதிப்பெண்ணுக்காகத் தயங்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய்யை இன்னொரு பொய்யால் ஒட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை; அவ்வளவுதான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தார்.

அதற்கு ஆள் தானாகவே வந்தார். திட்டத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் இளம்பரிதி, விழுப்புரத்துக்காரர். இந்தக் கிளினிக்கின் வெற்றி ரகசியத்தை எழுதி மற்ற டாக்டர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று வந்திருந்தார்.

"நீங்க என்ன பண்றீங்க மேடம், அத மட்டும் சொல்லுங்க. மத்த எடத்துலயும் பண்ணச் சொல்றோம்."

"நான் ஒண்ணும் பண்றதில்லீங்க. இங்க குணமாகறது ஸ்டூல்ல உக்கார்றவங்க இல்ல. நாற்காலியில உக்கார்றவங்க."

இளம்பரிதிக்குப் புரியவில்லை. தமயந்தி விளக்கினார். யார் பேசுகிறார்கள், செவி யாரைக் கேட்கிறது, எட்டு வியாழன் யாருக்கு ஓய்வு என்பதையெல்லாம் சொன்னார். இளம்பரிதி முதலில் சிரித்தார். பிறகு கேடயத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அப்ப பேஷண்ட்டுக்கு?"

"பாதிப் பேருக்கு நெசமாவே பிரச்சினை இருக்குது. அவங்க பேசாததுனால அது என்னன்னு உங்க செவிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மீதிப் பேருக்கு ஒண்ணுமே இல்ல."

"மேடம், இத நான் எழுதுனா ரெண்டுல ஒண்ணு நடக்கும். உங்க கேடயத்தத் திருப்பிக் கேப்பாங்க. இல்லன்னா ஒரு குழு போடுவாங்க."

"கேடயத்த இப்பவே எடுத்துட்டுப் போங்க. செவுத்துக்கு நான் பூச்சு வேலை பாக்கோணும்."

இளம்பரிதி நேர்மையான மனிதர். எழுதினார். கேடயத்தை யாரும் கேட்கவில்லை. குழு போட்டார்கள். தமயந்தி ஆச்சரியப்படும்படி குழு உண்மையைக் கண்டுகொண்டது. நோயாளிகளைச் சுமக்கிறவர்களின் மனப்பாரம் இதுவரை அளக்கப்படவில்லை, அது பெரிய அநீதி என்று அறிக்கை சொன்னது. 'தாங்கும் தோள்' என்று புதிய திட்டம் பிறந்தது. வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர் இனித் தன் பெயரிலேயே எட்டு அமர்வுகள் பெறலாம். பெயரில் மனம் என்ற சொல்லே இல்லை. அட்டையில் ஏறினாலும் சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இளம்பரிதி போனில் கூப்பிட்டுச் சொன்னார். "அரசாங்கம் உங்க பேச்சக் கேட்டிருச்சு மேடம்!"

தமயந்திக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றே நர்ஸ் அம்சவேணியை விட்டுக் கலாமணிக்குச் சொல்லி அனுப்பினார். புதிய திட்டத்தின் விதிகளை அவர் முழுதாகப் படிக்கவில்லை. பழைய திட்டத்தின் விதிகளை அப்படியே எடுத்து, 'நோயாளி' என்று இருந்த இடத்தில் 'பராமரிப்பாளர்' என்று மாற்றியிருந்தார்கள். 'நோயாளி தக்க துணையுடன் வர வேண்டும்' என்ற வரியும் அப்படியே மாறியிருந்தது.

கலாமணி தக்க துணையுடன் வந்தார். நல்லசிவம் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். கலாமணி ஸ்டூலில் உட்கார்ந்தார். நல்லசிவம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க அம்மிணி, என்ன பண்ணுது?" என்றார் தமயந்தி.

கலாமணி கணவரைப் பார்த்தார்.

"நான் சொல்றனுங்க டாக்டரம்மா" என்றார் நல்லசிவம். எட்டு வாரம் பேசப் பழகியவரின் தெளிவு அவர் குரலில் இருந்தது. "கலாமணிக்குப் பெருசா ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் அசதி. அவ உணர்ச்சிகளை வெளிப்படுத்தறதில்லீங்க, அதுதான் காரணம். நானும் அப்படித்தான் இருந்தவன். எனக்கு எண்பத்தொண்ணு இருந்துதுங்களே, அதுல இருந்து நான் எப்படி மீண்டு வந்தேன்னு தெனமும் அவளுக்கு எடுத்துச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறனுங்க."

செவியின் விளக்கு பச்சையானது. பத்தொன்பது. தகுதி இல்லை.

தமயந்தி நெற்றியைத் தேய்த்தார். நல்லசிவத்தை வெளியே அனுப்பிவிட்டுக் கலாமணியைப் பேசச் சொன்னார்.

"என்னத்தங்க சொல்றது?" என்றார் கலாமணி. "அவருதான் சொல்லிப்போட்டாருங்களே."

"அவரு சொன்னது இருக்கட்டும். உங்களுக்கு எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க."

கலாமணியின் பார்வை காலண்டருக்குப் போனது. "என்னையப் பத்தி நானே சொன்னா நல்லாவாங்க இருக்கும்?"

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. செவி ஒன்றும் கேட்காமல் அணைந்தது. கணவருக்காக அன்று மூச்சு விடாமல் பேசிய அதே பெண் இவர்தான். உட்கார்ந்த இடம் மட்டுமே மாறியிருந்தது.

தமயந்தி கதவைத் திறந்து நல்லசிவத்தைக் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் வந்திருந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம் பக்கத்தில் இருப்பவர்மேல் விழுந்தது.

"நீங்க பேசினா உங்க மனசைத்தான் இது கேக்கும், நல்லசிவம். உங்க மனசு நல்லாத்தான் இருக்குது. முன்னாலயும் நல்லாத்தான் இருந்துது."

"முன்னால எண்பத்தொண்ணுங்களே."

"அது உங்களோடது இல்ல. அன்னைக்குப் பேசினது ஆருன்னு நெனச்சுப் பாருங்க."

நல்லசிவம் யோசித்தார். முகம் மெல்ல மெல்ல இறங்கியது. ஆலை போனபோதுகூட இப்படி இறங்கியிருக்காது. அந்த எண்ணை அவர் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். டீக்கடையில் எண்பத்தொன்றிலிருந்து மீண்டவர் என்று அவருக்கு ஒரு மரியாதை இருந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"அந்த எட்டு வாரம்?"

"உங்க சம்சாரம் வெளியில உக்காந்திருந்தாங்களே, அதுக்குத்தான்."

தன்னால்தான் கணவருக்கு இந்த அவமானம் என்பதுபோலக் கலாமணி தலையைக் குனிந்துகொண்டார். நல்லசிவம் மனைவியின் கையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பெரிய பாத்திரங்கள் சுட்ட தழும்புகள் முழங்கை வரை இருந்தன. அவற்றை அவர் இதற்குமுன் பார்த்திருந்தாரா என்பது தமயந்திக்குத் தெரியாது.

"எந்திரி அம்மிணி" என்றார் நல்லசிவம்.

"ஊட்டுக்குப் போலாமுங்களா?"

"இல்ல. நீ இக்கட்ட வா."

மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். வாயை மூடினார். தமயந்தி ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு கணினித் திரையில் தாங்கும் தோளை மூடிவிட்டு மனத்துணையைத் திறந்தார். செவியைத் தட்டினார்.

"சொல்லுங்க கலாமணி. இவருக்கு என்ன பண்ணுது?"

கலாமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியில் சரியாக உட்கார்ந்துகொண்டார். குரல் தானாக வந்தது.

"அவருக்குங்க... ராத்திரி தூக்கமில்லீங்க. படுத்தா நாளைக்கு என்ன என்ன பண்ணோணும்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடுதுங்க, அவருக்கு. வெடியால கண்ணு முழிச்சா, அய்யோ விடிஞ்சுபோச்சான்னு நெஞ்சு அடிச்சுக்குதுங்க. ஆரு கூப்புட்டாலும் எரிச்சலு வருது. ஒருநா அரிசி களைஞ்சுக்கிட்டே அழுதுபோட்டாருங்க. எதுக்குன்னு அவருக்கே தெரியலீங்க. சாயங்காலம் வாசல்ல நின்னு பஸ்ஸு போறதைப் பாத்தா, எங்காச்சும் ஏறிப் போயிரலாமான்னு தோணுதாமுங்க. எங்கன்னு கேட்டா எடம் ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்திருந்தாப் போதுமாமா. ஆரும் கூப்புடாத எடத்துல, ஃபேனுக்குக் கீழ, சும்மா."

நல்லசிவம் வாழ்நாளில் அரிசி களைந்தவரில்லை. அவர் காலண்டரைப் பார்க்கவில்லை. மனைவி பேசப் பேச அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, "ஆமாங்க" என்றார், மிக மெதுவாக, செவிக்குக் கேட்காத அளவில்.

அடுத்த டோக்கனை அனுப்ப அம்சவேணி கதவைத் திறந்தார். தமயந்தி கையைக் காட்டி நிறுத்தினார். விளக்கு பச்சையாகி வெகுநேரம் ஆகியிருந்தது. எண்பத்தாறு. கலாமணி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் பேசி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பின், தமயந்தி திரையில் 'மறுநோய்' என்ற இடத்தைத் தொட்டார். இதனால் தங்கள் மதிப்பெண் குறையும், சம்மதமா என்று கேட்டது. சம்மதித்தார். துணைக்கு வருபவர் பெயர் கேட்டது. கலாமணி என்று பதிந்தார். எட்டு அமர்வுகள், வியாழக்கிழமை, பஸ் சார்ஜ் இருவருக்கு.

நல்லசிவம் ஸ்டூலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டாக்டரம்மா, இந்த வாட்டி எட்டோட நிறுத்தாம இன்னுங் கொஞ்சம் சேத்துப் போட முடியுங்களா?" என்றார். "எனக்கு ரொம்பவே முடியலீங்க."